இரண்டு பிள்ளைகள், ஒரு வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளுக்கு 2 வயது முடிவதற்குள் மகன் பிறந்துவிட்டான். கிழக்கு லண்டனில் மேனர் பார்க்கில் எங்கள் வீடு. முதல் மாடி, 14 படி, லிஃப்ட் கிடையாது. இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தள்ளும் வண்டி ஒன்றை வாங்கி, அது சரிப்படாமல் விற்று, வேறொன்று வாங்கினேன். அன்றிலிருந்து கோயிலில் பார்த்தாலும் பிளே குரூப்பில் பார்த்தாலும், இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கும் அம்மாக்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். கடைகளில் இதை ‘டபுள் பக்கி’ என்றும் ‘ட்வின் புஷ்சேர்’ என்றும் கேட்டால்தான் புரியும். இங்கே வெறும் ‘வண்டி’ என்றே எழுதுகிறேன்.

“அக்கா, பெரியவன் நல்லா ஓடுறான். அவனுக்கும் சேர்த்து வண்டி எதுக்கு?”

போகும்போது ஓடுவான். திரும்பி வரும்போது ரோட்டின் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அப்போது உங்கள் கையில் சின்னவன் இருப்பான். பெரிய பிள்ளைக்கு இரண்டரை வயதுக்குள் இருந்தால் இரட்டை வண்டி தேவைப்படும் என்பது என் கருத்து. மூன்றைத் தாண்டியிருந்தால் ஒற்றை வண்டியும், அதன் பின்னால் மாட்டும் ‘பக்கி போர்டும்’ பெரும்பாலும் போதும். அது சக்கரம் வைத்த சின்னப் பலகை. பிள்ளை அதில் ஏறி நின்றுகொள்ளும். ஏறக்குறைய 2 வயதுக்கு மேல், 20 கிலோ வரை தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

பலகையில் நிற்கலாம், தூங்க முடியாது. மதியத் தூக்கம் இன்னும் விடாத பிள்ளை என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

“பக்கத்துல பக்கத்துல உட்கார்றது நல்லதா, முன்னும் பின்னும் உட்கார்றது நல்லதா?”

பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி அகலமானது. பெரும்பாலும் 72 முதல் 78 செ.மீ. இருக்கும். ஆனால் தள்ளுவது சுலபம். நடைபாதை விளிம்பில் ஏற்ற வேண்டுமானால் கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினாலே முன் சக்கரம் எழும்பிவிடும். இரண்டு பிள்ளைகளும் ஒரே காட்சியைப் பார்ப்பார்கள், இரண்டு இருக்கையும் தனித்தனியே சாயும். மடிப்பதும் பொதுவாக எளிது. எடை குறைந்த இரட்டை வண்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

முன்னும் பின்னும் உட்காரும் வண்டியின் அகலம் ஒற்றை வண்டி அளவுதான், அதனால் எந்தக் கதவிலும் நுழையும். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நம் மளிகைக் கடைகளில் அரிசி மூட்டை ஒரு பக்கம், வாழைக்காய்ப் பெட்டி ஒரு பக்கம் இருக்கும். நடுவில் போக இந்த வண்டிதான் சரி. ஆனால் நீளம் அதிகம், திருப்பக் கஷ்டம். முன்னால் 13 கிலோ பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது முன் சக்கரத்தைத் தூக்க முழு உடம்பையும் போட்டு அழுத்த வேண்டும். சில வண்டிகளில் பின் இருக்கை தாழ்வாக, முன் இருக்கையின் முதுகுக்கு அடியில் இருக்கும். அதில் உட்காரும் பிள்ளைக்கு வெளியே எதுவும் தெரியாது.

என்னைக் கேட்டால், எடை முக்கியம் என்பவர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டிதான். கதவு இடம் கொடுக்காவிட்டால் மட்டும் மற்றது.

“அவ்வளவு அகலம் எங்க வீட்டுக் கதவுல நுழையுமா?”

வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். இங்கே பழைய வரிசை வீடுகளில் வாசல் கதவு பெரும்பாலும் 83.8 செ.மீ. அகலம். உள் கதவுகள் 76.2 செ.மீ., சில இடங்களில் 68.6 செ.மீ. இவை கதவுப் பலகையின் அளவுகள். வண்டிக்குக் கிடைக்கும் இடைவெளி இன்னும் குறைவு.

இல்ஃபர்டில் ஒரு தோழி இதில்தான் ஏமாந்தாள். கதவு 76, வண்டி 74, சரியாகப் போய்விடும் என்று வாங்கிவிட்டாள். நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய், கூடத்துக் கதவை முழுக்கத் திறந்து அளந்தேன். கதவுக்குப் பின்னால் ரேடியேட்டர் இருப்பதால் கதவு 90 டிகிரிக்கு மேல் திறக்காது. அதனால் கதவின் தடிமனே வழியில் நிற்கிறது, நிலையின் விளிம்பும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. கிடைத்த இடைவெளி 71. கதவை நன்றாகத் திறந்து வைத்து, கதவின் முகத்திலிருந்து எதிர் நிலை வரை, வண்டியின் அச்சு வரும் உயரத்தில் அளக்க வேண்டும். பிறகு வண்டியின் அகலமான இடத்தோடு ஒப்பிடுங்கள். அது பெரும்பாலும் பின் சக்கரங்கள். குறைந்தது 2 செ.மீ. மிச்சம் இருந்தால் நல்லது.

அவுட் அன் அபவுட் நிறுவனத்தின் நிப்பர் டபுள் 72 செ.மீ. மவுண்டன் பக்கி டூயட் 63 செ.மீ.தான். ஆனால் டூயட் எடை குறைந்த வண்டி இல்லை. அகலம் குறைந்தால் எடையும் குறையும் என்று நினைக்க வேண்டாம்.

“எத்தனை கிலோ இருந்தா லைட் வெயிட்னு சொல்லலாம்?”

ஒற்றை வண்டிகளில் 6, 7 கிலோ என்றால் லேசு. இரட்டையில் 9 முதல் 11 கிலோ வரை இருந்தால் லேசான வண்டி. 13, 14 கிலோ நடுத்தரம். 15ஐத் தாண்டினால் படி ஏறும் வீட்டுக்கு வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது முன்னும் பின்னும் உட்காரும் 15 கிலோ வண்டி. கடையில் அதை மடித்துத் தூக்கிப் பார்த்தது என் கணவர். ஒரு கையால் தூக்கிவிட்டு, “ஒண்ணுமே இல்லையே” என்றார். முதல் வாரமே நான் தனியாக இருந்த ஒரு சாயங்காலம், மகனைக் கேரியரில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மகளை மூன்றாவது படியில் உட்கார வைத்துவிட்டு, அந்த வண்டியைத் தூக்கப் பார்த்தேன். குழந்தை முன்னால் இருப்பதால் வண்டியை உடம்போடு அணைத்துப் பிடிக்க முடியாது. கையை நீட்டிப் பிடித்தால் 15 கிலோ 25 போல இருந்தது. ஒவ்வொரு படியிலும் சக்கரத்தைத் தட்டித் தட்டி இழுத்தேன். சுவரில் படிக்குப் படி சாம்பல் நிறக் கோடு விழுந்தது, அது இன்றும் இருக்கிறது. பிரசவமாகி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று இரவு முழுக்க இடுப்பு வலி.

அதனால் கடையில் தூக்கிப் பார்க்க வேண்டியது தினமும் தூக்கப் போகிறவர்தான். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மறு கையால் மடித்துத் தூக்கிப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எடையையும் அப்படியே நம்ப வேண்டாம். சில நிறுவனங்கள் மேற்கூரையும் முன் கம்பியும் இல்லாமல் கணக்குச் சொல்கின்றன. வீட்டுத் தராசில் வண்டியோடு ஒரு தரம், வண்டி இல்லாமல் ஒரு தரம் ஏறி நின்றால் உண்மை எடை தெரிந்துவிடும்.

“‘ஃப்ரம் பர்த்’னு போட்டிருக்கு. பிறந்த குழந்தையைப் படுக்க வைக்கலாம்தானே?”

இருக்கை முழுக்கத் தட்டையாகச் சாய்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தைக்குத் தட்டையாகப் படுக்கும் இருக்கை வேண்டும், அப்படிச் சாயாத வண்டியைக் குழந்தை தானாக உட்காரும் வரை பயன்படுத்தக் கூடாது என்பது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். சொல்லும் ஆலோசனை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஆறு மாதத்தை ஒட்டி வரும். அரைகுறையாகச் சாய்ந்த இருக்கையில் தலை முன்னால் விழுந்து, தாடை நெஞ்சில் முட்டும். பச்சைக் குழந்தைக்கு மூச்சுவிடச் சிரமமாகும்.

சில இரட்டை வண்டிகளில் ஒரு இருக்கை மட்டுமே தட்டையாகும். எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றால் இரண்டும் தட்டையாக வேண்டும். குறைமாதத்தில் பிறந்திருந்தால் வண்டி வாங்கும் முன் ஹெல்த் விசிட்டரிடம் (குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் நர்ஸ்) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

“கார் சீட்டையே வண்டி மேல மாட்டுற மாதிரி வருதே, அது போதாதா?”

காரிலிருந்து இறங்கி டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்ப அது போதும். நாள் முழுக்க வெளியே சுற்றப் போதாது. கார் சீட்டில் குழந்தை ஒரே தொடர்ச்சியாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் சில வாரங்களில் அரை மணி நேரம்தான். காரணம் மேலே சொன்னதேதான்: மடங்கிய கழுத்து. அந்த இணைப்பு வசதி வண்டியின் எடையையும் கூட்டும்.

“பஸ்ல மடிக்காம ஏத்தலாமா?”

லண்டன் பஸ்களில் இடம் இருந்தால் ஏற்றலாம். ஆனால் நாம் வண்டியை நிறுத்தும் அந்த இடம் சக்கர நாற்காலிக்கானது. சக்கர நாற்காலியில் ஒருவர் ஏறினால் நாம் நகர வேண்டும் அல்லது மடிக்க வேண்டும். 2012ல் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போகச் சக்கர நாற்காலியில் வந்த டக் பாலி என்பவரால் பஸ்ஸில் ஏற முடியவில்லை. தூங்கும் குழந்தையோடு வண்டியை அந்த இடத்தில் வைத்திருந்த ஒரு பெண், வண்டி மடியாது என்று சொல்லி நகர மறுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டிரைவர் ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடுவது போதாது, நகரச் செய்ய மேலும் முயல வேண்டும் என்று 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

நான் அந்தப் பெண்ணின் நிலையிலும் இருந்திருக்கிறேன், அதனால் அவர் மேல் கோபம் வரவில்லை. ஆனால் நாற்காலியில் வருபவருக்கு அந்த இடத்தை விட்டால் வேறு இடமே இல்லை. நமக்கு மடிக்க வழி இருக்கிறது. அதனால்தான் ஒரு கையால், பத்து நொடியில் மடியும் வண்டி வேண்டும் என்கிறேன். பஸ்ஸில் போகும் நாட்களில் சின்னவனைக் கேரியரில் கட்டிக்கொண்டே கிளம்புங்கள். அப்போது எழுப்ப வேண்டியது பெரியவளை மட்டும்தான்.

ரயில் என்றால், எலிசபெத் லைன் நிலையங்கள் எல்லாவற்றிலும் தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை படி ஏறாமல் போகலாம். பழைய ட்யூப் (சுரங்க ரயில்) நிலையங்களுக்குப் படி இல்லாத நிலையங்களின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எஸ்கலேட்டரில் பிள்ளைகள் உட்கார்ந்த வண்டியை ஏற்றவே வேண்டாம்.

“வண்டி ஒரு பக்கமாவே இழுக்குது. சக்கரம் பழுதா?”

பெரும்பாலும் பழுது இல்லை. ஒரு பக்கம் 13 கிலோ, மறு பக்கம் 5 கிலோ என்றால் கனமான பக்கம் இழுக்கத்தான் செய்யும். மழைத் தண்ணீர் வடிவதற்காக நடைபாதையும் ரோட்டுப் பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கும். கனமான பிள்ளையைச் சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள். இரண்டு இழுப்பும் எதிரெதிரே போய்ச் சமமாகும். கையையும் கைப்பிடியின் நடுவில் வைக்காமல் கனமான பக்கம் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள்.

குடைக் கைப்பிடி போல இரண்டு தனிப் பிடிகள் உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். அவற்றை ஒரு கையால் தள்ளவே முடியாது. கைப்பிடி ஒரே நீளக் கம்பியாக இருக்கும் வண்டியைத் தேடுங்கள்.

“கைப்பிடியில பை மாட்டினா என்ன ஆகும்? எல்லாரும் மாட்டுறாங்களே.”

பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. பெரியவள் திடீரென்று இறங்கியதும் வண்டி பின்னால் சாய்ந்துவிடும், சின்னவனோடு. லேசான வண்டியில் இது சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் வண்டிக்கென்று தாங்கி நிற்கும் எடை குறைவு. எடை குறைவாக வாங்கினால் இதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். 5 கிலோ அரிசிப் பை கீழ்க்கூடையில் போகட்டும். கூடை எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே தைத்திருப்பார்கள்.

“செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? புதுசு ரொம்ப விலையா இருக்கு.”

தாராளமாக வாங்கலாம். என்னுடைய இரண்டாவது வண்டி அப்படித்தான் வந்தது. வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் லேபிளை முதலில் பாருங்கள். இஎன் 1888 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்க வேண்டும். அதில் 1888-1 என்றால் 15 கிலோ வரையான பிள்ளைக்கு, 1888-2 என்றால் 22 கிலோ வரை. மூன்று வயதுப் பிள்ளை 15ஐத் தொட்டுவிடும், அதனால் பெரிய பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த எண் முக்கியம்.

பிறகு பிரேக் போட்டுச் சரிவில் தள்ளிப் பாருங்கள். ஐந்து முனை பெல்ட் இரண்டு இருக்கையிலும் பூட்டுகிறதா, மடித்து விரித்தால் பூட்டு ‘டக்’ என்று விழுகிறதா என்று பாருங்கள். மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, திரும்பப் பெறப்பட்ட பொருள்களின் அரசுப் பட்டியலில் தேடுங்கள். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனம் ஏறக்குறைய 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறை கொடுக்க வேண்டியிருந்தது. விரிக்கும்போது கீலில் பிள்ளைகளின் விரல் மாட்டி, 12 பேருக்கு விரல் நுனி துண்டானதாகப் புகார். எந்த வண்டியாக இருந்தாலும் மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பெரிய பிள்ளை இரண்டடி தள்ளி நிற்கட்டும்.

“வெயிலுக்கு மெல்லிசு மஸ்லின் துணிதான் போட்டு மூடுறேன். தப்பா?”

தப்புதான், தயவுசெய்து மூடாதீர்கள். 2014ல் ஸ்வீடனில் ஸ்வென்ஸ்கா டாக்பிளாடெட் என்ற நாளிதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. துணி இல்லாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணி போட்டு அரை மணியில் 34, ஒரு மணி நேரத்தில் 37. காற்று உள்ளே போகாது, குழந்தையின் முகமும் நமக்குத் தெரியாது. 2022 ஜூலையில் லண்டனே 40 டிகிரியைத் தாண்டியது, அதனால் ‘இங்கே என்ன வெயில்’ என்றும் இருக்க முடியாது. இரண்டு இருக்கைக்கும் தனித்தனியாக, நன்றாகக் கீழே வரை இறங்கும் மேற்கூரை உள்ள வண்டியாகப் பாருங்கள். மழை உறையையும் மழை நின்றதும் எடுத்துவிடுங்கள்.

“ரெண்டு சிங்கிள் வண்டியை கிளிப் போட்டு சேர்த்துக்கிட்டா செலவு மிச்சமில்லையா?”

சேர்த்தால் 90 செ.மீ.யைத் தாண்டும். மூன்றாவது கேள்வியில் சொன்ன எந்தக் கதவிலும் நுழையாது. இரண்டு பெரியவர்கள் எப்போதும் கூட வருவார்கள் என்றால் கிளிப்பே வேண்டாம், தனித்தனியாகவே தள்ளலாம்.

“சென்னைக்குப் போறப்ப எடுத்துட்டுப் போகலாமா?”

விமான நிலையத்துக்காக எடுத்துப் போகலாம். பல நிறுவனங்கள் வண்டியைக் கட்டணம் இல்லாமல் ஏற்றுகின்றன, விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போகவும் விடுகின்றன. இறங்கியதும் வாசலிலேயே தருவார்களா, பெல்ட்டில் வருமா என்று ஏறும்போதே கேளுங்கள். பெல்ட் என்றால் தூங்கும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இமிக்ரேஷன் வரிசையில் நிற்க வேண்டிவரும், கேரியரைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் அதிகம் பயன்படாது. நடைபாதை முழுக்க உயரமும் பள்ளமும். அபார்ட்மென்ட் லிஃப்டிலும் 74 செ.மீ. வண்டி நுழைவது சந்தேகம். நாங்கள் இரண்டாம் முறை போனபோது மடித்தால் சிறிதாகும் ஒற்றை வண்டி ஒன்றும் கேரியரும் மட்டும் எடுத்துப் போனோம். பேபிஜென் யோயோ போன்றவை மடித்தால் 52 × 44 × 18 செ.மீ.தான். அங்கே தூக்கிக்கொள்ளத் தாத்தா, பாட்டி, சித்தி எல்லாரும் இருக்கிறார்கள்.

“நான் மட்டும்தான் இருக்கேன். வாசலுக்கு வந்தாச்சு, ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க, மேல மாடி. என்ன பண்றது அக்கா?”

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வண்டியை அப்படியே படியில் தூக்க வேண்டாம், ஒரு பிள்ளை மட்டும் இருந்தாலும் வேண்டாம். வண்டியைக் கீழே பொதுவழியில் விட்டு வைப்பதும் பல கட்டிடங்களில் முடியாது. தீ விபத்தில் ஓடும் வழியை அடைக்கும் என்று எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

நான் செய்வது இது. தெரு முனையிலேயே மகளிடம் பேச்சுக் கொடுக்கத் தொடங்குவேன், வாசலுக்கு வருவதற்குள் அரைக் கண் திறந்திருப்பாள். பிரேக்கைப் போட்டுவிட்டு மகனைக் கேரியரில் கட்டுவேன். மகளை இறக்கிவிட்டு வண்டியை மடித்துச் சுவரோரம் நிறுத்துவேன். மடித்தபின் தானாக நிற்கும் வண்டியாகப் பார்த்து வாங்கியது இதற்காகத்தான். மகள் கம்பியைப் பிடித்து முன்னால் ஏறுவாள், நான் ஒரு படி பின்னால். மேலே போய் மகனைக் கட்டிலில் படுக்க வைத்து, படிக்கதவைப் பூட்டி, வீட்டுக் கதவைத் திறந்தே வைத்துவிட்டு வண்டிக்காக இறங்குவேன். மகள் படிக்கதவுக்குப் பின்னால் நின்று சத்தமாகப் படிகளை எண்ணுவாள். இப்போதைய வண்டி 10 கிலோ. அவள் 14 என்று சொல்லும்போது வண்டியோடு மேலே வந்திருப்பேன்.